ஹாலே நகரத்தில் ஒரு பருவம்

2025-ம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு என் வீட்டு வாசற்கதவு பலமாகத் தட்டப்பட்டது. திறந்து பார்த்தால் மாயவரத்தில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதும் என் நண்பர் நின்றுகொண்டிருந்தார். இரவெல்லாம் கண் மூடாதவருடைய முகம். கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“ஸார், குழந்தை ஒன்று புள்ளி மூன்று வாங்கியிருக்கிறாள்!”

“எதில்?”

“கணிதத்தில்தான். இத்தனை செலவு செய்து ஜெர்மனிக்கு அனுப்பியது ஒன்று புள்ளி மூன்று வாங்குவதற்கா? பத்துக்கு என்று வைத்துக்கொண்டாலும் தேறவில்லையே!”

பெண்ணையே கேட்டிருக்கலாம். ஆனால் அந்நேரம் அவ்விடத்தில் இரவு ஒன்றரை மணி. உறங்கும் குழந்தையை எழுப்பி, “ஏன் தோற்றாய்?” என்று கேட்க எந்தத் தகப்பனாருக்கு மனம் வரும்? எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது, அவருடைய கண்கள் கலங்கியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

ஜெர்மனியில் மதிப்பெண் தலைகீழாக ஓடுகிறது. 1.0 என்பது முதன்மை, 4.0 வரை தேர்ச்சி; 5.0 என்றால் தோல்வி. அயல் நாட்டு மதிப்பெண்களைத் தங்கள் கணக்குக்கு மாற்ற அவர்கள் ‘பவேரியச் சூத்திரம்’ என்று ஒன்றைக் கையாளுகிறார்கள். ஒரு பழைய உறையின் பின்புறத்தில் அதைத் திருப்பிப் போட்டு, நூற்றுக்கு நாற்பது தேர்ச்சி என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். தொண்ணூற்று நான்கு வந்தது. நண்பர் அந்த உறையை வாங்கி இரண்டு தரம் படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “காப்பி இருக்கிறதா, ஸார்?” என்றார்.

இந்தப் பெண் ஆறு வருஷம் என்னிடம் படித்தவள். பட்டம் பெற்று மேல் படிப்பில் சேர்ந்தபின், அவளுடைய கல்லூரிக்கும் ஜெர்மனியில் ஹாலே நகரத்திலுள்ள சர்வகலாசாலைக்கும் இருந்த ஓர் ஏற்பாட்டின்படி, ஒரு பருவம் மட்டும் அங்கே சென்று படித்து வரத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். உதவிச் சம்பளம் உண்டு. ஆனால் உதவிச் சம்பளம் என்பது எப்போதும் செலவுக்குப் பின்னால் நடந்து வரும் பிராணி. விசாக் கட்டணம், குளிர்கால உடுப்பு, முதல் மாத வாடகை, வாடகைக்கு மேல் முன்பணம் எல்லாம் அது வருவதற்கு முன்பே கையிலிருந்து போயாக வேண்டும். தாயாரின் ஆறு பவுன் சங்கிலி பாங்கிக்குப் போயிற்று.

“அனுப்பலாமா, ஸார்?” என்று அவர்கள் என்னைத்தான் வந்து கேட்டார்கள். “தயங்காமல் அனுப்புங்கள்” என்று சொன்னவன் நான். ஆகையால் அந்தச் சங்கிலியில் எனக்கும் ஒரு கண்ணி உண்டு என்று நேயர்கள் கொள்ளலாம்.

1888-ம் வருஷம் காந்தியடிகள் பாரிஸ்டர் படிப்புக்காகக் கப்பல் ஏறியபோது அவருடைய ஜாதியார் அவரை விலக்கி வைத்தார்கள். இன்றையப் பாட்டிமார்களுக்குச் சமுத்திரம் தாண்டுவதில் தோஷம் ஒன்றும் இல்லை. “அங்கே ரசம் கிடைக்குமா?” என்பதே அவர்களுடைய தர்ம சங்கடம். தகப்பனாருக்கு இருந்த கவலை வேறு. “போனவர்கள் திரும்புவதில்லையே, ஸார்” என்றார். அந்தக் கவலையில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இது ஒரு பருவம்தான். ‘ஸெமஸ்டர்’ என்ற சொல்லுக்கே லத்தீன் மொழியில் ஆறு மாதம் என்று பொருள். அந்தப் பொருள் கெடாமல் ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபர் முதல் தேதி தொடங்கி மார்ச்சு 31-ல் முடிகிறது. காலில் கயிறு கட்டிக்கொண்டு பறப்பதுபோல் இது. கயிற்றின் மறுமுனை இங்கேதான் இருக்கிறது.

போகுமுன் அவளிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கைப்பேசியில் இரண்டு வரி எழுதி ஒரு பொம்மை முகத்தை ஒட்டி அனுப்பாமல், மாதத்துக்கு இரண்டு முழுக் கடிதம் எழுத வேண்டும் என்று. எழுதினாள், பத்துக் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன.

ஹாலே, ஸாலே நதிக்கரையில் உள்ள பழைய உப்பு நகரம். சந்தைச் சதுக்கத்தில் ஐந்து கோபுரங்கள். அங்கே 1685-ல் பிறந்த ஹாண்டல் என்ற சங்கீத மேதையின் சிலை. சர்வகலாசாலை 1694-ல் தொடங்கியது. மார்ட்டின் லூதர் போதித்த விட்டன்பர்க் சர்வகலாசாலை 1817-ல் அதனுடன் இணைந்தது. 1754-ல் டோரத்தேயா எர்க்ஸ்லேபன் என்ற ஸ்திரீக்கு வைத்தியத்தில் டாக்டர் பட்டம் கொடுத்ததும் இந்த ஹாலேதான். ஜெர்மனியில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவர். கணித மாணவிக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. முடிவிலிகளிலும் சிறிது பெரிது உண்டு என்று நிரூபித்த கேயார்க் காண்டர் 1869-ல் இங்கே வந்து, நெடுங்காலம் இங்கேயே ஆசிரியராக இருந்து, 1918-ல் இங்கேயே காலமானார். “காண்டர் நடந்த தெருவில் நடக்கிறேன், ஸார்” என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாள். இரண்டாவது கடிதத்தில் காண்டரைக் காணோம்; கடைகள் பூட்டியிருந்த வரலாறுதான் இருந்தது.

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31-ந் தேதி. காலையில் எழுந்து எண்ணெய் ஸ்நானம் செய்து, கொஞ்சம் ரவையும் சர்க்கரையும் வாங்கி வரலாம் என்று தெருவில் இறங்கினாள். எல்லாக் கடைகளும் அடைத்திருந்தன. சாலையில் ஜனநடமாட்டமே இல்லை. “ஒரு நிமிஷம், நம்முடைய தீபாவளிக்காகத்தான் விடுமுறை விட்டிருக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டேன்” என்று எழுதியிருந்தாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. 1517-ல் அதே தேதியில் லூதர் தம்முடைய 95 வாதங்களை வெளியிட்டதை நினைவுகூரும் திருநாள் அது. அந்த மாகாணத்தில் பொது விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடை கிடையாது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அரிசி வாங்காதவன் திங்கட்கிழமை வரை அதன் பலனை அநுபவிக்க வேண்டியதுதான். அன்று அவளிடம் இருந்தது ஒரு ரொட்டியும், தாயார் கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியும். ரொட்டியில் பருப்புப் பொடியைத் தடவித் தின்று தீபாவளி கொண்டாடினாளாம். இந்த இடத்தைப் பாட்டிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம் என்று அடிக்குறிப்பு வேறு!

வகுப்புகளைப் பற்றி அவள் எழுதியதில் சில எனக்கு வேடிக்கையாக இருந்தன. பத்து மணிக்கு என்று அச்சிட்டிருக்கும் வகுப்பு பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். அதற்குச் ‘சர்வகலாசாலைக் கால் மணி’ என்று பெயர். இந்தக் கால் மணியைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். நாமும் அதே கால் மணி தாமதிக்கிறோம். ஆனால் அதற்கு ஒரு பெயர் வைத்துச் சட்டமாக்கத் தெரியாமல் போயிற்று. வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கை தட்டுவதில்லை. விரல் மடக்கி மேசையைத் தட்டுகிறார்கள். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டு, ஏதோ கலகம் என்று பயந்தே போனாளாம்.

வேடிக்கையல்லாத சங்கதி ஒன்றும் இருந்தது. கணித வகுப்புகளில் வாரந்தோறும் ஒரு தாளில் கணக்குகள் கொடுப்பார்கள். அவற்றில் பாதி மதிப்பெண்ணாவது பெற்றால்தான் பரீட்சை எழுதவே அநுமதி. வீட்டில் செய்தால் மட்டும் போதாது. பயிற்சி வகுப்பில் பலகைக்கு முன் நின்று விளக்க வேண்டும். நவம்பர் மாதம் ஒரு நாள் இவளுடைய முறை வந்தது. ஒரு தேற்றத்தின் நிரூபணத்தை மூச்சு விடாமல், ஒரு வரி பிசகாமல் எழுதி முடித்தாள். பயிற்சி கொடுத்த இளைஞர் பலகையைப் பார்த்து, “நன்றாயிருக்கிறது. மூன்றாவது வரியில் இந்த நிபந்தனை எதற்கு? அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?” என்றாராம்.

“எனக்குத் தெரியவில்லை, ஸார். எடுத்துவிடலாம் என்று யாருமே எனக்குச் சொன்னதில்லை. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்” என்று எழுதியிருந்தாள்.

இதைப் படித்த அன்று நான் வெகு நேரம் விளக்கை அணைக்கவில்லை. அந்தப் ‘யாருமே’ என்ற சொல்லில் நான் இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் தேற்றங்களுக்கு எண் போட்டு, “ஏழாம் தேற்றம் சொல்” என்றால் பாசுரம்போல் ஒப்புவிக்கப் பழக்கியவன் நான்தான். அதற்கு நூற்றுக்கு நூறும் போட்டேன். நாற்பத்தைந்து பிள்ளைகள், நாற்பது நிமிஷம், தலைக்கு மேல் அரசாங்கப் பரீட்சை என்று எனக்கும் சமாதானங்கள் உண்டு. அவற்றை அவளுக்கு எழுதவில்லை. “நிபந்தனையை எடுத்துவிட்டுப் பார்த்தாயா? என்ன ஆயிற்று?” என்று மட்டும் கேட்டு எழுதினேன். பத்து நாள் கழித்து நான்கு பக்கத்தில் பதில் வந்தது, கணக்கோடு. மறுநாள் அதை என் வகுப்புப் பலகையில் எழுதிப் போட்டேன்.

டிஸம்பர் மாதம் அவளை ரொம்பவும் வருத்திவிட்டது. காலை எட்டு மணிக்கு மேல்தான் விடிகிறது. சாயங்காலம் நான்கு மணிக்குச் சூரியன் அஸ்தமிக்கிறது. கிறிஸ்துமஸுக்கு விடுதி காலியாகிவிட்டது. மாடி முழுவதிலும் இவளும், ஜார்ஜியா தேசத்து மாணவி ஒருத்தியும் மட்டும். அந்த வாரக் கடிதம் நான்கே வரி. குளிரைப் பற்றியோ தனிமையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. “அம்மாவின் சங்கிலியை மீட்டாயிற்றா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். நான் கேட்டால் ஆயிற்று என்றுதான் சொல்வார்” என்று எழுதியிருந்தாள். அப்போது மீட்டிருக்கவில்லை. நான் என்ன பதில் எழுதினேன் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

ஜனவரியில் வந்தது எட்டாவது கடிதம். ஹாலேயில் பிராங்கே என்ற பாதிரியார் 1698-ல் அநாதைக் குழந்தைகளுக்காக எழுப்பிய பெரிய ஸ்தாபனம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதன் மேல் மாடியில் அக்காலத்தில் தேச தேசங்களிலிருந்து வந்த விசித்திரப் பொருள்களை அலமாரி அலமாரியாக வைத்திருக்கிறார்கள். சக மாணவர்களோடு அதைப் பார்க்கப் போனவள், ஓர் அலமாரிக்கு முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே பனை ஓலை. ஓலையில் தமிழ்.

அங்கே தமிழ் போன வழி நேயர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஹாலேயில் சிறிது காலம் படித்த ஸீகன்பால்கு என்பவர் 1706-ல் நம்முடைய தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயதுகூட நிறையவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி நம் எழுத்தைக் கற்றுக்கொண்டார். பிறகு ஹாலேயிலேயே தமிழ் எழுத்துக்களை வார்ப்பித்து, அச்சு இயந்திரத்தோடு கப்பலேற்றி அனுப்பினார்கள். 1713-ல் அவை தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. அந்த எழுத்துக்கள் அளவில் பெரியனவாகையால் காகிதத்தை விழுங்கின. பிறகு இங்கேயே சிறிய எழுத்துக்கள் வார்க்க வேண்டியதாயிற்று. ஸீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலேயில் அச்சாயிற்று. அந்தப் பிரயாணத்தில் மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் அவருடன் சென்றிருந்தார். மாயவரத்துப் பெண்ணுக்கு முந்நூறு வருஷம் முன்பே நம் பக்கத்துப் பிள்ளை ஒருவர் அந்தக் குளிரைப் பார்த்தாயிற்று! கைப்பேசியும் இல்லாமல், பருப்புப் பொடிக்கும் வழியில்லாமல் அவர் என்ன செய்திருப்பாரோ?

சக மாணவர்கள் இவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “உன்னுடைய பாஷைதானே? வாசி, கேட்கலாம்” என்றார்கள். வாசிக்க முடியவில்லை! ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேற்றுமை காட்டுவதில்லை. எழுத்துக்கள் தெரிகின்றன, சொற்கள் பிடிபடவில்லை. “ஜெர்மன் பாஷையைத் தட்டுத் தடுமாறி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கம் வந்ததில்லை, ஸார். இங்கே வந்தது” என்று எழுதியிருந்தாள்.

கடிதத்தின் கடைசியில் எனக்கு ஓர் அடி. “ஒன்பதாம் வகுப்பில் எங்களைத் தரங்கம்பாடிக்கு உல்லாசப் பிரயாணம் அழைத்துப் போனீர்களே. ஸீகன்பால்கு சிலைக்கு முன் நின்று, ‘இவர் 1706-ல் வந்தார், குறித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு, எலுமிச்சஞ் சாதம் ஆறிவிடும் என்று கோட்டைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். எங்கிருந்து வந்தார் என்று சொல்லவேயில்லை.”

எலுமிச்சஞ் சாதம் ஆறினால்தான் என்ன? ஆறினபின் தின்கிற சாதம்தானே அது!

பிப்ரவரியில் வாய்மொழிப் பரீட்சை. அரை மணி நேரம். எதிரே பேராசிரியர், பக்கத்தில் குறிப்பெழுத ஒருவர். ஒரு பாடத்தில் 1.3, இன்னொன்றில் 2.7. மற்ற இரண்டும் நடுத்தரம். மொத்தம் 30 அலகுகள். ஐரோப்பாவெங்கும் ஒரு பருவத்துக்கு வகுத்த அளவு அது. ஜெர்மனியில் ஓர் அலகுக்கு முப்பது மணி நேர உழைப்பு என்று கணக்கு. அந்த முப்பதையும் மூட்டை கட்டிக்கொண்டு மார்ச்சு மாதம் ஊர் வந்து சேர்ந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பாட்டி ரசத்தோடு காத்திருந்தாள்.

ஏப்ரல் மாதம் கல்லூரிக் காரியாலயத்தில் தொடங்கியது தொந்தரவு. புறப்படுமுன் எந்தப் பாடங்களைப் படிப்பது என்று ஓர் உடன்படிக்கை எழுதி, மாணவி, இந்தக் கல்லூரி, அந்தச் சர்வகலாசாலை ஆகிய மூவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். அங்கே போனபின் அவற்றில் இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் வந்து மோதின. இன்னொன்று அந்தப் பருவம் நடக்கவில்லை. பதிலுக்கு வேறு இரண்டு எடுத்துக்கொண்டாள். ஹாலேயில் உடனே கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். இங்கிருந்த ஆசிரியர் மின்னஞ்சலில், “சரி, எடுத்துக்கொள்” என்று எழுதினார். கையெழுத்து இடவில்லை. டிஸம்பரில் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். “பாடத்தின் பெயர் பொருந்தவில்லை, கையெழுத்தும் இல்லை” என்று காரியாலயத்தில் சொல்லிவிட்டார்கள். அவ்விரண்டு பாடங்களில் ஒன்றுதான் அந்த 1.3.

இந்த இடத்தில் ஓர் இத்தாலியப் பெண்மணியின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸோபியா கொராதி என்ற சட்ட மாணவி அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் படித்து முதுகலைப் பட்டத்தோடு 1958-ல் ரோமாபுரிக்குத் திரும்பினாள். அந்தப் படிப்பைத் தன் சர்வகலாசாலையில் கணக்கில் சேர்க்கும்படி கேட்டபோது, பலர் முன்னிலையில் ஏளனம் செய்து அனுப்பினார்கள். அவள் அதை மறக்கவில்லை. பிற தேசத்தில் படித்த படிப்பு சொந்த தேசத்தில் செல்லுபடியாக வேண்டும் என்று 1969-ல் திட்டம் எழுதி, மந்திரிகளையும் பேராசிரியர்களையும் விடாமல் துரத்தினாள். 1976-ல் ஐரோப்பிய சமூகத்தார் ஒரு தீர்மானம் போட்டார்கள். 1987-ல் ‘எராஸ்மஸ்’ என்ற பெயரில் திட்டம் பிறந்தது. பல தேசங்களில் படித்தும் போதித்தும் திரிந்த ராட்டர்டாம் நகரத்துப் பண்டிதரின் பெயர் அது. முதல் வருஷம் 11 தேசங்களிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். முப்பது வருஷத்தில் அத்திட்டத்தால் பயனடைந்தவர்கள் தொண்ணூறு லட்சம். ‘எராஸ்மஸின் தாய்’ என்று எல்லோராலும் அழைக்கப்பெற்ற அந்த அம்மையார் 2025 அக்டோபரில், தம்முடைய 91-ம் வயதில் காலமானார். ஒரு காரியாலயத்து ஜன்னலில் பட்ட அவமானத்தை இவ்வளவு நல்ல வட்டியோடு உலகத்துக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

நம் பெண் கொராதியல்ல. அவளுக்கு இருந்தது ஒரு வருஷம் வீணாகக்கூடாது என்ற கவலை. நானும் அவளுடைய தகப்பனாரும் மூன்று முறை அந்தக் காரியாலயத்துக்கு நடந்தோம். மூன்றாவது முறை நான் அந்தப் பழைய உறையைக்கூட எடுத்துக் காட்டினேன். குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, “இதில் முத்திரை இல்லையே” என்றார். அவர் கெட்டவரல்ல. அவருக்கு முன்னால் இருந்த விதிப் புஸ்தகத்தில் ஹாலே என்ற ஊரே இல்லை. இல்லாத ஊருக்கு வழி சொல்ல அவருக்கு அதிகாரமும் இல்லை. கடைசியில் இரண்டு பாடங்களை ஏற்றுக்கொண்டார்கள். மற்ற இரண்டையும் அவள் நவம்பர் மாதம் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதினாள். ஒன்றில் அறுபத்தெட்டு. “நிபந்தனை எதற்கு என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன், ஸார். கேள்வியில் அதைக் கேட்கவில்லை” என்றாள்.

சங்கிலி தைப்பூசத்துக்கு முன் வீடு வந்து சேர்ந்தது. அதற்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மறுபடியும் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனேன். அவளையும் வரச் சொன்னேன். சிலைக்கு முன்னால் நான் பேசவில்லை, அவள் பேசினாள். மணலில் உட்கார்ந்து, மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் ஒரு வரி எழுதி, “வாசியுங்கள்” என்றாள். பிள்ளைகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். வெகு நேரம் ஆயிற்று. எலுமிச்சஞ் சாதம் ஆறிப் போயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய தகப்பனார் மெதுவாகக் கேட்டார்: “ஸார், அந்த 2.7 என்று ஒன்று இருந்ததே, அது நூற்றுக்கு எவ்வளவு?”

அறுபத்தாறு என்றேன். “பரவாயில்லை” என்றார்.